மூன்றாம் மாடிக்கு ஏறி வந்த வாசகர் வட்டம்

வாசகர் வட்டம் என் கணவருடையது. என்னுடையது அல்ல. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில், மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் கடைசி பிளாக்கில், தரைத்தளத்து அக்கா வீட்டில் கூடுவார்கள். அக்கா எங்களுக்கு உறவில்லை. நாகர்கோவில்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்பில் எல்லோருக்கும் அக்கா. ஒரு தமிழ் நாவலை மாதம் முழுக்கப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். பேசி முடித்த பிறகு, அக்கா தன் கையால் போட்ட திராட்சை வைனைச் சின்னக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றித் தருவார். புத்தகத்தைப் படிக்காமல் வந்தவர்களுக்கு வைன் கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

நான் போனதில்லை. அமைச்சகத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கோப்பு படிப்பதே எனக்கு வேலை. யாரோ எழுதியதற்கு யாரோ எழுதிய குறிப்பு, அதற்கு மேல் இன்னொருவர் எழுதிய குறிப்பு. வீட்டுக்கு வந்தால் மளிகைக் கடை ரசீதில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால்கூட எரிச்சல் வரும். வட்டத்திலிருந்து அவர் திரும்பி வரும் நேரத்தில் நான் மறுநாளைக்கான புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். அவர் வாயில் லேசாக வைன் வாசம் அடிக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஈரோட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டு விவகாரத்தைப் பேசுவதுபோல நாவலில் வந்தவர்களைப் பற்றிப் பேசுவார்.

"அந்தப் பொம்பள அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது புள்ள."

எந்தப் பொம்பளை என்று கேட்பதற்குக்கூட எனக்குத் தெம்பு இருக்காது. "ம்" என்பேன். அந்த ஒரு "ம்" போதும் அவருக்கு, மீதிக் கதையையும் சொல்லிவிடுவார்.

ஒரு டிசம்பர் காலை, ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தவர், "ஏம்புள்ள, பேப்பர்காரன் மாத்திப் போட்டுட்டானாட்ட இருக்குது. இதென்ன பாஷை?" என்றார்.

வந்து பார்த்தேன். எப்போதும் வருகிற இங்கிலீஷ் பேப்பர்தான்.

"கண்ணாடியத் தொடச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனேன். திரும்பி வந்தபோது டீ அவர் மடியில் கொட்டியிருந்தது. சூடு தெரியாதவர்போல் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். பேச்சு தப்பித்தது, கால் தப்பித்தது, வலது கையில் பிடி போய்விட்டது. படிப்பும் போய்விட்டது. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, பார்ப்பதற்கும் படிப்பதற்கும் நடுவில் இருந்த வழி அடைபட்டுவிட்டது என்று டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். ஆனால் எழுத வந்தது. அதுதான் கொடுமை. டாக்டர் பேனாவைக் கொடுத்ததும், பிடியில்லாத விரல்களால் கோணல்மாணலாக ஏதோ எழுதினார். அதே தாளை அவர் முன்னால் நீட்டி, படியுங்கள் என்றார் டாக்டர். இவர் வெகுநேரம் பார்த்தார்.

"நாந்தான் எழுதினேன்னு தெரியுதுங்க. என்ன எழுதினேன்னு தெரியல."

தன் பெயரைத்தான் எழுதியிருந்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வந்தான், விடுப்பு இருந்த வரை இருந்தான், போனான். அதன் பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தால் இப்போதும் எனக்கு முதுகு வலிக்கிறது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள வரும் பீகார்க்காரப் பெண் வந்ததும் நான் மெட்ரோவுக்கு ஓட வேண்டும். மண்டி ஹவுஸில் வண்டி மாறி ஆபீஸ். சாயங்காலம் திரும்பினால் பிசியோதெரபிஸ்ட் வந்து உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து, அதை அமுக்கி அமுக்கி விடச் சொல்லியிருந்தார். என் கணவருக்கு அந்தப் பந்தைக் கண்டாலே ஆகாது. அது சோபாவுக்கு அடியில் கிடக்கும். நான் குனிந்து எடுப்பேன். மறுநாளும் அங்கேயே கிடக்கும்.

போனில் புத்தகத்தைப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது என்று மகன் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். ஒரு பக்கம் கேட்டார். "அடுத்த ஸ்டேஷன் எதுன்னு சொல்றாப்பல இருக்குது. நிறுத்து" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரியில் வட்டம் கூடும் நாள் வந்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நடையில் இன்னும் தள்ளாட்டம், கைப்பிடியைப் பிடிக்கவும் வலது கையில் தெம்பில்லை. அவரால் இறங்க முடியாது.

"நீ போயிட்டு வா புள்ள. என்ன பேசிக்கறாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லு."

"நான் அந்தப் புக்கையே பாத்ததில்லைங்க."

"கேக்கறதுக்குக் காது போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கிறது, அதையும் பிடுங்குகிறாரே என்று மனசுக்குள் சலித்துக்கொண்டேதான் போனேன். அங்கே அக்காவைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர், ராணுவக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எல்லோரும் அவரைச் சார் என்பார்கள். இன்னொருத்தி நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். சார் நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அறையில் ஹீட்டரின் இதமான சூடு. மெத்தை வைத்த பிரம்பு நாற்காலி. யாரும் என்னிடம் எதையும் எடுத்து வரச் சொல்லவில்லை, எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது அறை இருட்டிக்கொண்டிருந்தது. சாரும் அந்தப் பெண்ணும் போய்விட்டிருந்தார்கள். என் மேல் அக்காவின் சால்வை கிடந்தது. கழுத்து சுளுக்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, எழுப்பியிருக்கக் கூடாதா!"

"எதுக்குப் பிள்ளே எழுப்பணும்? இந்த ரூமுல இவ்வளவு அழகா ஒருத்தரும் தூங்கினது இல்ல கேட்டியா. சார்தான் பாவம், சத்தத்தக் குறைச்சுக் குறைச்சு கடைசியில காதோட பேசுனாரு."

வீட்டுக்கு வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னாங்க?"

"தெரியலைங்க. தூங்கிட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மாதம் வட்டம் எங்கள் வீட்டில் கூடியது. அது அக்காவின் முடிவு. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். படிக்கட்டைத் திட்டுகிற சாரின் குரல் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. நொய்டாப் பெண் இரண்டு கைகளிலும் பை தூக்கி வந்தாள். பை நிறையக் கறுப்புத் திராட்சை. கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார் அக்கா. கூடவே ஒரு பீங்கான் ஜாடி.

"இது எதுக்குக்கா?" என்றார் என் கணவர்.

"தம்பி, பந்தை அமுக்க மாட்டேங்கியாமே. வெயில் ஏறுறதுக்கு முன்ன இந்த வருச வைனப் போட்டாகணும். எனக்குத் தோள்பட்டை வலி. நீ இத அமுக்கு."

தரையில் பழைய பேப்பர் விரித்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் திராட்சையைக் கொட்டி, அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வலது கையை அதற்குள் வைத்தோம். முதலில் விரல்கள் சும்மா கிடந்தன. பிறகு ஒரு பழம் உடைந்தது. "ஜில்லுனு இருக்குது" என்றார். இன்னொன்று உடைந்தது.

அவர் பிசைந்துகொண்டிருக்கும்போது சார் அந்த மாதத்து நாவலின் கதையைச் சுருக்கிச் சொல்லத் தொடங்கினார். என் கணவர் முகம் கோணியது.

"சார், சுருக்கிச் சொல்லாதீங்க. அதுல என்ன இருக்குது? எழுதினத அப்படியே வாசிங்க."

சார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தார். பழைய ரேடியோச் செய்திபோல இருந்தது. இரண்டு பக்கத்தில் இருமல் வந்துவிட்டது. புத்தகத்தை நொய்டாப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அங்கிள், மத்லப்... எனக்குத் தமிழ் படிக்க வராது."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"பேசுவேன், கேட்டாப் புரியும். படிக்க மட்டும் யாரும் சொல்லித் தரல. ஒவ்வொரு மாசமும் அம்மா போன்ல படிச்சுக் காட்டுவாங்க. அதக் கேட்டுட்டுதான் இங்க வருவேன்."

"அப்போ இத்தனை நாளும் என் வைன ஏமாத்தியா குடிச்ச?" என்றார் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"சாரி ஆன்ட்டி."

பாத்திரத்துக்குள் கை வைத்தபடியே என் கணவர் அவளைப் பார்த்தார். "எனக்கும் வராதும்மா. இங்க வந்து பக்கத்துல உக்காரு" என்றார். அவள் போய்த் தரையில் உட்கார்ந்து, இடது பக்கத்திலிருந்து பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவுக்குக் கண்புரை, ஒரு பக்கத்தை முடிக்கவே வெகுநேரம் ஆகும். ஆக, புத்தகம் என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்விட்டு வாசித்ததுதான், அதன் பிறகு நான் யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டியதில்லை. முதல் பக்கத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்தேன். காற்புள்ளியில் மூச்சு விட வேண்டும் என்பதே மறந்திருந்தது. யாரும் திருத்தவில்லை. கொஞ்ச நேரத்தில், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்துவதுகூட என் காதில் விழவில்லை. திராட்சை நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் தலையைத் தூக்கியபோது அவருடைய கை முழங்கை வரை ஊதா நிறத்தில் இருந்தது.

சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு ஜாடிக்கு வேட்டித் துணியால் வாய் கட்டினார் அக்கா. அதைக் கீழே தூக்கிப் போக யாருக்கும் தெம்பில்லாததால் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் மரக் கரண்டியால் கிளறிவிடும் பொறுப்பு அவருக்கு. அவர் ஜாடியில் காதை வைத்துக் கேட்பார். "பொரியுது புள்ள. தூரத்துல மழை பேயறாப்பல இருக்குது" என்பார். வீடெல்லாம் புளித்த வாசம். பகலில் வரும் பீகார்க்காரப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாபி, யே க்யா சட் ரஹா ஹை?" என்றாள். ஒன்றும் அழுகவில்லை என்று அவளுக்கு நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கீழ்வீட்டுக்காரர் கேட்டால் ஊறுகாய் என்று சொல்லச் சொன்னேன். நுரை பொங்கித் தரையில் வழிந்த அன்று, ஆபீஸ் புடவையோடு உட்கார்ந்து நான்தான் துடைத்தேன். எனக்கு வேண்டாத வேலை இன்னும் ஒன்று கூடியிருந்தது.

வடிகட்டிப் பாட்டில்களில் ஊற்றியபோது ஏப்ரல் வெயில் வந்துவிட்டது. பாட்டில்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைப் பிடித்துக்கொண்டன. காய்கறி வெளியே வாடியது.

கை பெரிதாகத் தேறியது என்று சொல்ல முடியாது. டம்ளரைப் பிடிக்கிறார், சட்டைப் பட்டன் போட முடியவில்லை. படிப்பு திரும்பவே இல்லை. டாக்டரிடம் கேட்பதையும் நிறுத்திவிட்டோம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நான் வாசிப்பது என்பது எப்படியோ வீட்டு வழக்கமாகிவிட்டது. சில நாள் வாக்கியத்தின் நடுவில் எனக்குக் கண் சொக்கிவிடும். அவர் காத்திருப்பார். நான் திடுக்கிட்டு விழித்ததும், நின்ற வார்த்தையை அவரே எடுத்துக் கொடுப்பார்.

மழைக்காலத்தில் ஒரு நாவல் வந்தது. லாரி ஷெட் வைத்திருக்கும் ஒருவரின் மூத்த மகள், தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். ஏன் போனாள் என்று பாதிப் புத்தகம் வரை சொல்லவே இல்லை. அந்தப் பெண் என்னை விடவில்லை. ஆபீசில் கோப்பைத் திறந்தால் அவள் நினைவு. ஒரு காலையில் புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. பிரித்தேன். ஒரு சமயம் தலை தூக்கியபோது மண்டி ஹவுஸ் தாண்டி, ராஜீவ் சௌக்கும் தாண்டி, வண்டி எங்கோ வெளிச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அடுத்த வண்டி வருவதற்குள் இன்னும் ஒரு பக்கம் படித்தேன். ஆபீசுக்குத் தாமதம், அதிகாரி ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு ஒரு நாள் எனக்கு முதுகு வலி தெரியவில்லை.

அன்று மாலை வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீ முன்னாடியே படிச்சிட்ட."

"எப்படிங்க தெரியும்?"

"தடுக்காமப் படிக்கற. என்ன வரப்போவுதுன்னு தெரிஞ்சவ படிக்கறாப்பல படிக்கற."

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன உட்டுட்டு நீ மட்டும் போயிட்ட."

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "காலைல எந்திரிச்சா உங்களுக்கு. அப்புறம் ஆபீசுக்கு. சாயங்காலம் மறுபடி உங்களுக்கு. ட்ரெயின்ல கொஞ்ச நேரம் எனக்குன்னு ஒண்ணு படிச்சா அதுவும் தப்பாங்க?"

"தப்புன்னு நான் சொல்லல. உன்ன உட்டா எனக்கு வேற வழி இல்லைன்னு சொல்றேன்."

புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போய் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அன்றும் மறுநாளும் வாசிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் என்று தேவையான வார்த்தைகள் மட்டும்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் இருந்தது. அதனால் யார் முதலில் இறங்கி வருவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ட்ரெயின்ல படிச்சுக்க. எங்கிட்ட மட்டும் முடிவச் சொல்லீறாத. மூஞ்சிலயும் காட்டாத."

"மூஞ்சிய என்னங்க பண்றது?"

"கொஞ்சம் சோர்வா வெச்சுக்க."

"அது எப்பவுமே அப்படித்தான இருக்குது."

அவர் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிப் பட்டனைத் தப்பான ஓட்டையில் போட்டு, மறுபடி கழற்றிப் போட்டேன். அன்று சாயங்காலம் அந்த மூத்த மகள் ஏன் போனாள் என்கிற அத்தியாயத்தை வாசித்தேன். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அவர் "அடடா" என்று தொடையில் தட்டிய இடத்தில், முதல் தடவை படித்ததைவிட எனக்கு நெஞ்சு கனத்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பாட்டிலைத் திறந்தோம். வெளியே எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். எல்லோரும் முகமூடியோடு இருமிக்கொண்டே ஏறி வந்தார்கள். சார், சென்னையில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். "இந்தக் காத்துல இனிமே முடியாதும்மா" என்றார். அவர் விட்டுப் போவதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. டெல்லியில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்.

அக்கா ஒரு வாய் குடித்து, நாக்கில் உருட்டி, கண்ணை மூடித் திறந்தார்.

"லேசாப் புளிப்பு இருக்கு. வெயில்ல கொஞ்சம் கெட்டிருக்கு. ஆனாலும் குடிக்கலாம் கேட்டியா."

நொய்டாப் பெண் இரண்டாவது தடவையும் டம்ளரை நீட்டினாள். என் கணவருக்கு டாக்டர் அனுமதி இல்லை. அக்கா பாட்டில் மூடியில் ஒரு சொட்டு ஊற்றி அவரிடம் கொடுத்தார். "நாக்குல தொட்டு வெச்சுக்கோ தம்பி, போதும்."

அவர் மூடியை வலது கையாலேயே பிடித்தார். கை நடுங்கியதில் பாதி சட்டையில் சிந்தியது. மீதியை நக்கினார்.

"உங்க வைன் மாதிரி இல்லியேக்கா."

"என் வைன் மாதிரி எதுக்கு இருக்கணும்? நீயில்லா அமுக்குன."

நானும் குடித்தேன். புளிப்புதான். தொண்டைக்குள் சின்னச் சூடு இறங்கியது. அது வயிறு வரை போவதைக் கவனித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது அக்கா அடுத்த மாதத்துக்கான புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். செங்கல் மாதிரி இருந்தது. என் கணவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அட்டையைத் தடவிப் பார்த்தார். மாதம் முழுக்கக் கவலையில்லை என்றது அவர் முகம். எனக்கு அதன் தடிமனைப் பார்த்ததும் கொட்டாவி வந்தது. கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன.

"ரெண்டே பக்கம்தாங்க. அதுக்கு மேல முடியாது" என்றேன்.

"ரெண்டு பக்கம் போதும்" என்று புத்தகத்தை நீட்டினார்.

சட்டையில் சிந்திய கறை காய்வதற்குள் அலச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, முதல் பக்கத்தைப் பிரித்தேன்.